சாகக் கிடக்கும் ஆர்க்கிடைக் காப்பாற்றுவது எப்படி: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆர்க்கிடின் இலை தொய்ந்து சுருங்கினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது. மறுநாளும் அப்படியே இருந்தால் இன்னொரு செம்பு. செடியின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது இந்த இரண்டாவது செம்புதான். வேர் அழுகிய செடியும் தண்ணீர் கிடைக்காத செடியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். வேரே இல்லாத செடிக்கு எவ்வளவு ஊற்றினாலும் குடிக்க வாய் கிடையாது. அதனால் இலையைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கே பெரும்பாலும் பேசப்போவது பெலனாப்சிஸ் பற்றி. கிரகப்பிரவேசத்துக்கும் பிறந்தநாளுக்கும் பரிசாக வருகிறதே, அகலமான தடித்த இலையும் வளைந்த தண்டில் வரிசையாக வண்ணத்துப்பூச்சி மாதிரி பூவும் உள்ள செடி, அதுதான். வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட பசுமைக்குடிலில் வளர்ந்து, கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வரவேற்பறை மேசைக்கு வந்து சேர்கிறது. இரண்டு மூன்று மாதம் பூ நிற்கும். பூ கொட்டியதும் செத்துப்போச்சு என்று குப்பையில் போடுகிறவர்களும் உண்டு. பூ உதிர்வது சாவு இல்லை. அடியில் உள்ள ஒற்றை இலை மஞ்சளாகி விழுவதும் சாவு இல்லை, அது வயதான இலை. பல இலைகள் ஒன்றாகச் சுருங்குவது, அடித்தண்டு கறுப்பது, குருத்து ஆடுவது, நாற்றம் வருவது, இவைதான் ஆபத்து.

முதலில் குருத்து

வேரைப் பார்க்கும் முன் ஒரு நிமிடம் நடுக்குருத்தைப் பாருங்கள். மேல் இலையை லேசாகப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டதா, அடி பழுப்பாகக் கொழகொழத்திருக்கிறதா? அப்படியென்றால் குருத்து அழுகல். தென்னை வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குருத்து போனால் மரம் போச்சு. பெலனாப்சிஸும் அப்படி ஒரே குருத்தில் மேலே போகிற செடிதான். ஒரு சின்ன வித்தியாசம், வேரும் அடித்தண்டும் நன்றாக இருந்தால் சில சமயம் பக்கத்தில் ஒரு கன்று வெடிக்கும். குறைந்தது இரண்டு நல்ல இலை மிச்சம் இருந்தால் அழுகியதைச் சுத்தமாக வெட்டிக் காயவைத்துச் சில மாதம் பார்க்கலாம். அடித்தண்டும் கறுத்துக் குழைந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் செடிக்கு மருந்து வாங்கும் காசில் புதுச் செடி வாங்கலாம்.

குருத்து அழுகக் காரணம் இலைகளின் நடுவே தேங்கும் தண்ணீர். பெலனாப்சிஸ் காட்டில் மரத்தில் பக்கவாட்டில் தொங்கி வளரும், மழைநீர் தானாக வழிந்துவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி வைத்து, தலையில் ஊற்றுகிறோம்.

வேர் சோதனை

வாங்கிய தொட்டியில் பெரும்பாலும் ஸ்பாக்னம் என்ற, நார் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாசியை இறுக்கித் திணித்திருப்பார்கள். மேலே காய்ந்தது போலத் தெரியும், நடுவில் ஊறிப்போய்க் கிடக்கும். சிலர் அதை எடுத்துவிட்டு, நல்லது செய்வதாக நினைத்து, ஆற்று வண்டலும் தொழு உரமும் போட்டு நட்டிருப்பார்கள். நெல்லுக்கும் வாழைக்கும் வாழ்வு தருகிற அந்தக் களி, ஆர்க்கிட் வேரைச் சுற்றி இறுகி மூச்சை அடைத்துவிடும். இது மரத்தில் தொற்றி வளரும் செடி. வேர் மண்ணுக்குள் போகாது, காற்றில் இருக்கும். வேரின் மேல் பஞ்சு போன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. மழை பட்டதும் சட்டென்று உறிஞ்சும், அப்புறம் காற்றில் காயும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

செடியை இழுக்காதீர்கள். தொட்டியைப் பக்கவாட்டில் அமுக்கி நெகிழ்த்தி எடுங்கள், வராவிட்டால் பிளாஸ்டிக் தொட்டியை வெட்டிவிடுங்கள். அப்புறம் பாசியை விரலால் பிய்த்து எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள்.

ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி நிறம். வெளிச்சம் படாமல் உள்ளே கிடந்த வேர் மஞ்சளாக இருக்கலாம், கெட்டியாக இருக்கும்வரை அதுவும் நல்லதுதான், நிறத்தைப் பார்த்து வெட்டிவிடாதீர்கள். அழுகிய வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். அழுத்தினால் தண்ணீர் கசியும், தோல் உருவி வந்து உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சும். காகிதம் மாதிரி தட்டையாகக் காய்ந்து போனது தண்ணீர் இல்லாமல் செத்த வேர். ஏசி அறையில் இருந்த செடிகளில் இது அதிகம்.

தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களை அழகுக்காக வெட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அழுகிய செடியில் பெரும்பாலும் மிஞ்சி நிற்பவை அந்தக் காற்று வேர்கள்தான். தொடவே தொடாதீர்கள்.

வெட்டும் வேலை

கத்தரிக்கோலையோ பிளேடையோ அடுப்புத் தீயில் காட்டி ஆறவிடுங்கள், அல்லது ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும் இதையே செய்யுங்கள், நோயும் வைரஸும் பிளேடு வழியாகவே போகும்.

அழுகிய வேர் எல்லாவற்றையும் நல்ல திசு தெரியும் இடம்வரை வெட்டுங்கள். கொஞ்சம் விட்டு வைப்போமே என்ற இரக்கம் இங்கே வேண்டாம். அடித்தண்டின் நுனி கறுத்திருந்தால் உள்ளே பச்சையோ வெள்ளையோ தெரியும்வரை துண்டு துண்டாகச் சீவுங்கள்.

பூந்தண்டு இருந்தால் அதையும் அடியோடு வெட்டிவிடுங்கள், பூ இருந்தாலும் சரி. மனசு வராதுதான். ஆனால் வேர் இல்லாத செடி, இலையில் சேர்த்து வைத்த தண்ணீரையும் மாவுச்சத்தையும் பூவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். வெட்டிய பூவைக் குவளையில் வையுங்கள், அதுவே சில நாள் நிற்கும்.

வெட்டுக்காயத்துக்கு என்ன தடவுவது என்று எல்லோரும் கேட்பார்கள். சமையலறைப் பட்டைத்தூள் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். இலையிலோ தண்டிலோ உள்ள வெட்டில் மட்டும் தொட்டு வையுங்கள், உயிருள்ள வேரில் தூவினால் அந்த வேரும் காய்ந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பொங்குவதைப் பார்த்தால் ஏதோ சுத்தமாகிற மாதிரி இருக்கும். அது அழுகலோடு புது வேர்நுனியையும் சுட்டுவிடும் என்பதால் நான் பக்கத்திலேயே கொண்டுபோவதில்லை. அழுகல் அதிகமாக இருந்தால் உரக்கடையில் கார்பென்டாசிம், மான்கோசெப் இரண்டும் கலந்த தூள் கிடைக்கும், சாஃப் என்ற பெயரில் கேட்டால் கொடுப்பார்கள். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேரைப் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தாமிர மருந்துகள் வேண்டாம், டென்ட்ரோபியம் போன்ற ஆர்க்கிடுகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அடுத்து, பலர் தவறவிடும் ஒரு படி: வெட்டிய அன்றே நடக்கூடாது. செடியை ஒரு கூடையில் போட்டு, நிழலில், காற்று வரும் இடத்தில் ஒரு இரவு விடுங்கள். காயம் காய்ந்து மூடட்டும். வேர் வெளியில் கிடக்கிறதே என்று பயப்பட வேண்டாம், காட்டில் அது எப்போதும் வெளியில்தான் கிடக்கிறது.

எதில் நடுவது

இந்த ஒரு விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு வெளிநாட்டு மரப்பட்டை எதுவும் தேவையில்லை. மரக்கரி, தேங்காய் மட்டை, ஓட்டாஞ்சில்லு மூன்றும் இங்கேயே இருக்கின்றன.

கரி என்றால் விறகுக்கரி. இஸ்திரிக் கடைக்கு மூட்டை கொடுக்கிறவரிடமே வாங்கலாம். எரித்து மிஞ்சிய சாம்பல் கலந்த கரி வேண்டாம், மண்ணெண்ணெய் பட்டதும் வேண்டாம். அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை உடைத்து, தூள் போகும்வரை கழுவுங்கள்.

மட்டைதான் ஏமாற்றும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பச்சை மட்டையில் சாயநீரும் உப்பும் நிறைய. கடற்கரைத் தோப்பு மட்டையென்றால் உப்பு இன்னும் கூடுதல். அதைச் சிறு சதுரங்களாக வெட்டி வாளியில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து தெளியும்வரை விடக்கூடாது, ஒரு வாரம் போல ஆகும். நார்க்கழிவுத் தூளை, அதாவது கட்டியாக விற்கிறார்களே, அதைப் போடவே கூடாது. பாசியை விட மோசமாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கலவை: கரி இரண்டு பங்கு, மட்டை ஒரு பங்கு, அடியில் ஓட்டாஞ்சில்லு ஒரு அடுக்கு. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி எப்போதும் காற்றில் ஈரம் உள்ள ஊரில் மட்டையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். திருச்சிப் பக்கம் போகப்போக ஆனி, ஆடியில் மேல்காற்று வேரை உலர்த்திவிடும், அங்கே மட்டை கொஞ்சம் கூடினால் தப்பில்லை.

தொட்டி சின்னதாக இருக்கட்டும், மிஞ்சிய வேர் அடங்கும் அளவு போதும். பெரிய தொட்டி கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது, நடுவில் காயாத ஈரம்தான் மிஞ்சும். பக்கமெல்லாம் ஓட்டை உள்ள மண் தொட்டி அழகு, காற்றோட்டமும் நல்லது. இருந்தாலும் நோயாளிச் செடிக்கு நான் சொல்வது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தொட்டிதான். வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும், தண்ணீர் ஊற்றலாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சூடான கம்பியால் பக்கத்தில் இன்னும் சில ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அடித்தண்டு கலவையின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும், புதையக்கூடாது. வேர் குறைந்த செடி ஆடும், ஆடினால் புதிதாக வரும் வேர்நுனி உரசி ஒடியும். ஒரு மூங்கில் குச்சி ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். குருத்து நேராக வானத்தைப் பார்க்காமல் சற்றுச் சாய்ந்திருப்பது நல்லது.

வேரே இல்லாத செடி

எல்லா வேரையும் வெட்டியாயிற்று, இரண்டு மூன்று சுருங்கிய இலையும் கட்டைத் தண்டும்தான் மிச்சம். இதையும் காப்பாற்றலாம், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இணையத்தில் இதற்குச் சொல்லும் வழி, செடியை ஈரப்பாசியோடு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வைப்பது. குளிர் நாட்டு வீட்டுக்குச் சரி. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள் அந்தப் பை ஒரு இட்லிப் பானை, செடி வெந்துவிடும். அதற்குப் பதில் ஒரு அகலமான மண்சட்டியில் கூழாங்கல்லை நிரப்பி, கல்லின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் விடுங்கள். அதன் மேல் ஒரு சின்ன வலைத்தொட்டியில் கரியைப் போட்டு, செடியைக் குச்சியில் கட்டி நிறுத்துங்கள். அடித்தண்டைச் சுற்றி, ஒட்டாமல், பிழிந்த ஈரப்பாசியையோ அலசிய தேங்காய் நாரையோ லேசாக வையுங்கள். கீழிருந்து எழும் ஈரம் தண்டைத் தொடட்டும், தண்ணீர் தொடக்கூடாது. மேல்காற்று அடிக்கும் நாளில் மட்டும் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கூடாரம் போல, ஓட்டைகளோடு, கவிழ்க்கலாம். சட்டித் தண்ணீரைச் சில நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

காலையில் இலையின் அடிப்பக்கம் மெல்லிய தூவல். மாலையில் வேண்டாம், இரவு இலை நனைந்து கிடப்பது அழுகலை அழைக்கும். கடல்பாசிச் சாறு உரக்கடையில் கிடைக்கும், பாட்டிலில் சொன்னதில் பாதி அளவு கரைத்து வாரம் ஒரு முறை தூவலாம், வேர் விட உதவும். சர்க்கரைத் தண்ணீர் எறும்பைத்தான் கூட்டி வரும். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் நல்ல சரக்குதான், ஆனால் புது வேர் ஒரு விரல் நீளம் வரும்வரை இந்தச் செடியின் பக்கம் வரக்கூடாது.

தண்ணீர்

நட்ட பின் இரண்டு மூன்று நாள் ஊற்றவே வேண்டாம். அப்புறம் ஒரே விதி: வேர் வெள்ளியானால் ஊற்று, பச்சையாக இருந்தால் விடு. கூடவே தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனம் குறைந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் பத்து நாளுக்கு ஒரு முறைகூடப் போதுமானதாக இருக்கும். கத்திரி வெயிலில் கரித்தொட்டி ஒரே நாளில் காயும், தினம் காலை ஊற்ற வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் என்று காலண்டரில் குறித்து ஊற்றுவது இந்தச் செடிக்கு உதவாது. ஐஸ்கட்டி வைப்பதும் வேண்டாம், வெப்பமண்டலச் செடி அது.

ஊற்றும்போது தாராளமாக, அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றி, முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. குருத்தில் பட்டுவிட்டால் துணி நுனியால் ஒற்றி எடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் பக்கம் பெரிய கேள்வி. டெல்டாவின் கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வேர்நுனி கருகி, கரியின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் காரணம் அதுதான். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 200க்குள் இருந்தால் கவலையில்லை, 500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். மழைநீர் மாதிரி வராது. மொட்டை மாடி கழுவிப் போக இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு, அடுத்ததை டிரம்மில் பிடித்துக் கொசு புகாமல் மூடி வைத்தால், ஓரிரண்டு செடிக்குக் கோடை வரை வரும். இல்லையென்றால் குடிதண்ணீர்க் கேன் போதும், ஒரு செடிக்கு எவ்வளவுதான் செலவாகும்? மத்தியானம் மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். மே மாதத்தில் அது வெந்நீர்.

வெளிச்சம், இடம்

காலை வெயில் ஒரு மணி நேரம் தொட்டுப் போகும் கிழக்கு ஜன்னல், அல்லது பழைய வீடென்றால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம். இதைவிட நல்ல இடம் கிடையாது. இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டினால் நிழல் மங்கலாக விழ வேண்டும். கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம், நிழலே இல்லையென்றால் இருட்டு. கரும்பச்சை இலை அழகாக இருக்கிறதென்று மகிழாதீர்கள், அது வெளிச்சம் போதாத செடி. இளம்பச்சைதான் ஆரோக்கியம். ஏசிக்கு நேர் எதிரே வேண்டாம். மொட்டை மாடி நிழல்வலைக்குக் கீழும் கோடையில் வேண்டாம், தளத்துச் சூடே கொன்றுவிடும்.

மழைக்காலத் தொல்லைகள்

வடகிழக்குப் பருவமழையின்போது இலையில் நீர்கோத்த மாதிரி ஒரு புள்ளி வந்து, மறுநாளே காசு அளவுக்கு விரிந்து, நாறினால் அது பாக்டீரியா அழுகல். காத்திருக்காமல் புள்ளிக்கு வெளியே ஒரு விரற்கடை நல்ல இலையையும் சேர்த்து வெட்டி, பட்டைத்தூள் வைத்து, செடியைத் தனியே காற்றோட்டத்தில் வையுங்கள். இரவில் நத்தை வந்து வேர்நுனியைத் தின்னும், டார்ச் அடித்துப் பொறுக்குவதே வழி. மாவுப்பூச்சி இலைக் கக்கத்தில் ஒளியும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். எறும்பு ஏறினால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

எப்போது பிழைத்தது என்று சொல்லலாம்?

சுருங்கிய இலை முன்போல் விறைக்காது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடித்தண்டில் பச்சையோ சிவப்போ ஆன புது வேர்முனை ஒன்று எட்டிப் பார்த்தால் அதுதான் செய்தி. சில வாரத்திலும் வரலாம், சில மாதமும் ஆகலாம். அது நீண்டு கலவைக்குள் இறங்கியதும் உரம் தொடங்கலாம்: தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 தூளை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து 15 நாளுக்கு ஒரு முறை, மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரால் உப்பை அலசி விடுவது. வீட்டில் வருஷத்துக்கு இரண்டு மூன்று புது இலை வந்தாலே நல்ல வளர்ச்சி. பூவை இரண்டு வருஷத்துக்கு எதிர்பார்க்காதீர்கள்.

பூக்க வைக்கும் காலம் வந்ததும் ஒரு சங்கதி உண்டு. பெலனாப்சிஸ் பூந்தண்டு விட, இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து சில வாரமாவது இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி, தை மாதங்கள் அதைத் தானாகவே தரும். அந்த மாதங்களில் பனி நேரடியாகப் படாத வாசல் ஓரத்தில் வைத்தால் போதும். இரவும் பகலும் மூடிய அறைக்குள் வைத்தால் இலை இலையாகத்தான் வளரும்.

செடி பிழைக்கவில்லையென்றால்

அடுத்தது வாங்கும்போது டென்ட்ரோபியம் வாங்குங்கள். கரும்பு மாதிரிக் கணுக்கள் உள்ள தண்டில் நிற்கும் செடி, நம் வெக்கையைத் தாங்கும். அதில் இலை எல்லாம் உதிர்ந்தாலும் தண்டு பச்சையாகக் கெட்டியாக இருந்தால் செத்ததாக அர்த்தம் இல்லை. பழைய தண்டுகளில் தண்ணீரும் சத்தும் சேர்ந்திருக்கும், அடியிலோ கணுவிலோ கன்று வரும், வெட்டிப் போட்டுவிடாதீர்கள். வாண்டா இன்னும் எளிது, தொட்டியே வேண்டாம், தினம் நனைத்தால் போதும். வாண்டா டெஸ்ஸெலாட்டா என்ற இனம் தமிழ்நாட்டுச் சமவெளியில் மாமரத்திலும் மற்ற மரங்களிலும் தானாகவே வளர்வது. அதற்காகக் கோயில் தோப்பு மரத்திலிருந்து உரித்து எடுத்து வந்துவிடாதீர்கள், நர்சரியில் வளர்த்த வாண்டா கிடைக்கிறது. மலை ஆர்க்கிடுகளைப் பார்க்க ஆசை என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம், அங்கே சாலையோரம் விற்கும் மலைச் செடியை மட்டும் கொண்டுவராதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வாழ்ந்தது திருவாரூர் கோடையைத் தாங்காது.

எந்தச் செடி வாங்கினாலும் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே பாசிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நடுவில் ஊறி இறுகியிருந்தால், பூ முடியும்வரை தண்ணீரைக் குறைத்து, பூ முடிந்ததும் கரிக்கு மாற்றிவிடுங்கள்.